ஓடும் காரும் தேயும் பாகங்களும்

இலண்டனிலும் சுற்றுப்புறங்களிலும் உள்ள கோயில்களின் கார்த் தரிப்பிடங்களை வெள்ளிக்கிழமை மாலைகளில் நோக்குபவர்களுக்கு ஒரு விடயம் கண்ணிற் படாமற் போகாது. குடும்பங்கள் வந்திறங்கும் ரொயோட்டாக்களுக்கும் வொக்ஸ்வாகன்களுக்கும் இடையே, நிலத்தோடு படிந்தாற்போல் நிற்கும் வேகக் கார் ஒன்றாவது இருக்கும். பெரும்பாலும் அது இந்நாட்டிற் பிறந்து வளர்ந்த பிள்ளை ஒருவர் தமது உழைப்பில் வாங்கியதாக இருக்கும். புத்தம் புதியதன்று, பதினைந்து இருபது ஆண்டுகள் ஓடி, மூன்று நான்கு கை மாறி வந்தது. சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை செய்து வீட்டுக்குக் கொண்டுபோன பின்னரே உண்மையான கேள்வி எழுகின்றது. தேய்ந்த பாகங்களில் எதை மாற்றுவது, எதை முன்னையதிலும் சிறந்ததாக மாற்றுவது, கையிலுள்ள பணத்தை எதிலே முதலிற் போடுவது?

இக்கேள்விக்குத் தமிழ் வீடுகளில் இரண்டு விடைகள் உண்டு. தகப்பனுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று. இரண்டும் பிழையானவை.

தகப்பனின் விடை ஊரிலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்தில் ஓஸ்ரின் ஏ 40 கார்களும் மொறிஸ் மைனர்களும் அவற்றைச் செய்தவர்களே எதிர்பார்த்திராத அளவு நீண்ட ஆயுளுடன் ஓடின. 1990களில் பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் கிடையாதிருந்த காலத்தில், சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டிய கெட்டிக்காரர்கள் இன்றும் இந்நாட்டில் இருக்கின்றார்கள். அவர்களது கைவண்ணத்தைக் குறைவாக மதிப்பிடுவது நன்றியீனம். ஆனால் அந்த அனுபவம் ஒரு பழக்கத்தையும் விட்டுச் சென்றிருக்கின்றது. ஓடுகின்றதைக் கழற்றாதே, தேயும் மட்டும் தேயட்டும், மாற்றத்தான் வேண்டுமென்றால் மலிவானதைப் போடு. மணிக்கு முப்பது நாற்பது மைல் வேகத்தில் ஓடிய காருக்கு அது போதுமானதாக இருந்தது.

மகனின் விடையோ கண்ணுக்கும் காதுக்கும் உரியது. பெரிய றிம், முழங்கும் சைலன்சர், துளையிட்ட பிறேக் தட்டு, அதைக் கவ்வும் பகுதிக்குச் சிவப்பு வர்ணம். தேய்ந்து கிடக்கும் றப்பர்த் துண்டுகள் எவர் கண்ணுக்கும் தெரியாதவையாகையால் அவற்றுக்கு முறை கடைசியில்தான் வரும். பல வேளைகளில் வருவதேயில்லை.

விடயம் விளங்குவதற்கு ஒரு காரை எடுத்துக்கொள்வது நல்லது. 2000 ஆம் ஆண்டு முதல் 2006 வரை விற்பனையான பி.எம்.டபிள்யூ. எம் 3, அதாவது ஈ 46 என்ற குறியீட்டைக் கொண்ட கார், இளைஞர் பலரின் கனவு. ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் அமைந்த 3.2 லீற்றர் எஞ்சின்; 343 குதிரைவலு; நிமிடத்துக்கு 8,000 சுற்றுவரை சுழலும். நிறை ஒன்றரைத் தொன்னுக்குச் சற்று மேல்.

இப்படியொரு காரை நிறுத்துவதென்றால், அதன் ஓட்டத்தில் அடங்கிய சக்தி முழுவதையும் சூடாக மாற்றி வெளியேற்றுவது என்றே பொருள். சாரதியோடு சேர்த்து 1,600 கிலோகிராம் எனக் கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம். 30 மைல் வேகத்திலிருந்து நிறுத்தும்போது உண்டாகும் சூடு அரை லீற்றர் பச்சைத் தண்ணீரைக்கூடக் கொதிக்க வைக்காது. 70 மைலிலிருந்து என்றால் இரண்டே கால் லீற்றருக்கு மேல். ஓட்டப் பந்தயத் திடலில் 130 மைலிலிருந்து என்றால் எட்டு லீற்றர்! ஒரு பெரிய பொங்கற் பானை. வீட்டு அடுப்பில் அந்தப் பானை கொதிக்க அரை மணித்தியாலம் அளவிற் செல்லும். காரின் பிறேக்குகள் அதே சூட்டை ஆறு செக்கன் அளவில் வாங்கிக்கொள்கின்றன. அடுத்த வளைவில் மீண்டும் ஒரு பானை. வேகம் இரட்டித்தால் சூடு நாலு மடங்காகின்றது என்பது பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். கடைக்குப் போகும்போதுதான் மறந்துவிடுகின்றது.

தேர்த் திருவிழா பார்த்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். தேரை நிறுத்துபவர்களும் திருப்புபவர்களும் சில்லடியில் முட்டுக்கட்டையுடன் குனிந்து நிற்கும் ஒரு சிலரே. அவர்களுடைய கட்டை உழுத்துப்போனதாக இருந்தால் ஆயிரம் பேரின் பலமும் ஆபத்தாகவே முடியும்.

காரின் முட்டுக்கட்டை பிறேக் கட்டை. கராஜ்களில் பாட் என்று சொல்வார்கள். இரும்புத் தட்டை இரு புறமும் கவ்விப் பிடிப்பது இதுவே. பிறேக் பிடிக்கும்போது காரின் பாரம் முன்னுக்குச் சாய்வதால் முன் கட்டைகளே அதிகம் உழைக்கின்றன. இவற்றில் இரண்டு சாதி உண்டு. தெருக் கட்டை குளிரிலேயே பிடிக்கும். மார்கழி மாதக் காலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, தெரு முனையிலுள்ள முதலாவது சந்தியிற் கார் நிற்க வேண்டுமல்லவா? பந்தயக் கட்டையோ நன்றாகச் சூடேறிய பின்னரே தன் முழுக் குணத்தைக் காட்டும். சூடேறு முன்னர் அது தெருக் கட்டையிலும் மோசமாகவே பிடிக்கும். கீச்சிடும், தட்டையும் அரித்துத் தின்னும். “பந்தயத்தில் பாவிப்பது” என்ற சொல்லுக்கு மயங்கி அதை வாங்கிப் போட்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கப் போவது அறிவுடைமையன்று. ஐரோப்பாவில் விற்கப்படும் தெருக் கட்டைகளுக்கு ஆர் 90 என்ற விதி உண்டு. காருடன் வந்த கட்டையின் பிடிப்போடு ஒப்பிட்டால் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்பது அதன் சாரம். வட்டத்துள் பொறித்த ஈ என்ற ஆங்கில எழுத்தும் இலக்கமும் கட்டையின் முதுகில் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும். நம்ப முடியாத விலைக்குக் கிடைக்கும் பெட்டிகளில் போலிகளும் உண்டு.

தட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இந்தக் காரின் புதிய முன் தட்டு 28 மில்லிமீற்றர் தடிப்பு. எவ்வளவுக்குத் தேயலாம் என்ற கணக்கு தட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்; அளந்து பார்த்தால் முடிந்தது. துளையிட்ட தட்டு அழகானது என்பதை மறுப்பதற்கில்லை. அந்தக் காலத்துக் கட்டைகள் சூட்டில் வெளிவிட்ட வாயு போவதற்காக வந்த துளைகள் அவை. இன்றைய கட்டைகளுக்கு அந்தத் தேவை பெரிதாக இல்லை. கடும் சூடு கண்ட தட்டுகளில் வெடிப்பு முதலிற் தோன்றுவதும் அந்தத் துளைகளின் ஓரத்திலேயே. சாதாரண தட்டு நல்லதாக வாங்கினாற் போதும்.

கேட்பாரற்றுக் கிடப்பது பிறேக் எண்ணெய். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. டொட் 4 என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை சென்ரிகிரேட் வரை கொதிக்காது. நூற்றுக்கு நாலு பங்களவு நீர் சேர்ந்துவிட்டால் 155 பாகையிலேயே கொதிக்கலாம். கொதித்தால் ஆவி. ஆவி அமுங்கும், எண்ணெய் அமுங்காது. அப்போது மிதி அடிமட்டம் வரை இறங்கும், கார் நிற்காது. ஆகவேதான் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றும்படி சொல்லப்படுகின்றது. பழைய காரை வாங்கியவர் முதல் வாரத்திலேயே மாற்றிவிடுவது நன்று; செலவோ மிகச் சிறிது. இன்னும் உயர்ந்தது வேண்டுமானால் டொட் 5.1 உண்டு. டொட் 5 என்பது பெயரில் மட்டும் அதற்கு உறவு. அது சிலிக்கோன், மற்றவற்றுடன் கலக்கவே கூடாது.

வடமேற்கு இலண்டனில் ஒரு வீட்டில் நடந்ததை இவ்விடத்திற் சொல்வது பொருத்தம். மகன் இந்த எம் 3 ஒன்றை வாங்கி மூன்று மாதமாகியிருந்தது. அதற்கென்று சேர்த்த பணம் கொஞ்சம் கையிலிருந்தது. பத்தொன்பது அங்குல றிம்கள் நாலுக்குச் சொல்லி வைத்துவிட்டான். தகப்பனார் ஊரில் வாடகைக் கார் ஓடியவர். அவருக்கு அந்தச் செலவு பிடிக்கவில்லை. வேறு செலவுகளும் பிடிக்கவில்லை.

“தம்பி, றயர் மொட்டையாகேல்லை, பாட்டும் கிடக்குது. ஏன் காசைக் கரியாக்கிறாய்?”

“அப்பா, அதுகளைப் பிறகு பாப்பம். முதல் றிம்மைப் போடுவம்.”

கட்டையாவது பார்க்கட்டும் என்று இருவருமாகத் தெரிந்த கராஜ் ஒன்றுக்குப் போனார்கள். கராஜ்காரர் காரை உயர்த்தினார். பின் சில்லின் உட்புறத்தை விளக்குப் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் பேசாமற் தகப்பனாரை அழைத்தார். “ஐயா, உதுக்குள்ள கையை வைச்சுப் பாருங்கோ. மெல்ல, குத்தும்.” வெளிப்புறத்தில் தவாளிப்பு நன்றாகவே இருந்த றயரின் உள் ஓரத்தில் றப்பர் முற்றாகத் தேய்ந்து கம்பி வெளியே தெரிந்தது. மற்றப் பக்கத்து றயரும் அப்படியே. முந்திய சனிக்கிழமை, கொட்டும் மழையில், அதே றயர்களில் தாயையும் தங்கையையும் ஏற்றிக்கொண்டு லெஸ்ரருக்குக் கல்யாண வீட்டுக்குப் போய் வந்திருந்தான் மகன். எம் 1 நெடுஞ்சாலையில், எழுபது மைலில். கராஜில் நின்ற இருவரும் அதைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

றயரில் பிழை இல்லை. பின் சில்லைத் தாங்கும் புயத்தின் முன்நுனியில் ஒரு றப்பர் புஷ் உண்டு. அது தளர்ந்துவிட்டால் சில்லு நேராக நிற்காது. உள் ஓரத்தை அராவிக்கொண்டே ஓடும். ஈ 46 வகைக் கார்களில் இது நன்கு அறியப்பட்ட பலவீனம். முன் புயங்களின் புஷ்களும் இவ்வாறே தேய்வன. பிறேக் பிடிக்கும்போது ஸ்ரியறிங் நடுங்குவதற்குத் தட்டைக் குற்றம் சொல்வார்கள், புஷ்ஷாக இருக்கும். பழைய புஷ்களுடன் புதிய றயர் போடுவது ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவதுதான். புஷ்களை மாற்றி, சில்லுகளின் கோணத்தைக் கருவி கொண்டு சரிபார்த்து, அதன் பின்னரே றயர் போட வேண்டும். றப்பருக்குப் பதிலாகக் கடினமான பொலியூரிதேன் புஷ் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. திருப்பங்களில் கார் கூர்மையாகப் பதில் சொல்லும்; தெருவின் ஒவ்வொரு குழியும் முதுகெலும்புக்குத் தெரியும். குடும்பத்தையும் ஏற்றும் காருக்கு நிறுவனத்தின் றப்பரே போதுமானது.

றயர் தெரிவில் கஞ்சத்தனம் ஆகாது. தெருவைத் தொடுவது நாலு உள்ளங்கையளவு றப்பர் மாத்திரமே. ஒருமுறை பிறேக்கை இறுக மிதித்தால் கார் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் றயர். பிறேக் தட்டின் பருமன் அன்று. பெரிய தட்டுத் தொகுதி வாங்கினால் அது உதவுவது திரும்பத் திரும்ப மிதிக்கும்போது சூட்டைத் தாங்குவதற்கே. இதைத் தெரியாமல் ஆயிரக்கணக்கிற் செலவழித்து, அதன் மேல் மலிவு றயரைப் பூட்டி ஓடுபவர்கள் பரிதாபத்துக்குரியவர்கள். இந்தக் காருடன் வந்த அளவு முன்னுக்கு 225/45, பின்னுக்கு 255/40, பதினெட்டு அங்குலம். அதே அளவில், மழைப் பிடிப்புக்குப் பெயர் பெற்ற நல்ல றயர் நாலையும் ஒரே இனத்தில் வாங்குவதே சிறந்த மேம்பாடு. பத்தொன்பது அங்குல றிம்மில் றயரின் பக்கச் சுவர் ஒடுங்கிவிடுகின்றது. குழியில் விழுந்தால் றிம் வளையும். பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 3519 என்றால் 2019 ஆம் ஆண்டின் 35 ஆவது வாரம் செய்தது. தவாளிப்பு ஆழமாக இருந்தாலும் வயது போன றப்பர் கல்லுக்குச் சமம்.

சட்டத்தையும் அறிந்திருப்பது நன்று. இந்நாட்டில் றயர் அகலத்தின் நடு முக்காற் பங்கில், சுற்று முழுவதும், 1.6 மில்லிமீற்றர் ஆழம் இருக்க வேண்டும். எவ்விடத்திலாவது கம்பி தெரிந்தால் அதுவும் குற்றமே. ஒவ்வொரு றயருக்கும் 2,500 பவுண் வரை அபராதமும் மூன்று புள்ளிகளும் விதிக்கப்படலாம். முதன்முதலாகச் சாரதி அனுமதிப்பத்திரம் பெற்று இரண்டு ஆண்டு ஆகாதவர்களுக்கு ஆறு புள்ளி சேர்ந்தால் பத்திரமே பறிபோகும். அதாவது இரண்டு றயர்! தமையனின் காரை ஒருநாள் கேட்டு வாங்கி ஓடும் தங்கையின் பத்திரம் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

எஞ்சினை இன்னும் தொடவில்லையே என்று இளைஞர்கள் கேட்பார்கள். அந்த நிறுவனமே தன் காரை எப்படி மேம்படுத்தியது என்று பார்த்தால் விடை கிடைக்கும். 2003 இல் சி.எஸ்.எல். என்ற பெயரில் இதே காரின் விசேட வகையொன்று 1,383 மட்டும் செய்யப்பட்டது. குதிரைவலு 343 இலிருந்து 360 ஆகத்தான் உயர்ந்தது, பதினேழு! ஆனால் கூரையைக் கரிநாரினாற் செய்தும் ஆசனங்களை மாற்றியும் 100 கிலோகிராமுக்கு மேல் நிறை குறைத்தார்கள். முன் பிறேக் தட்டை 325 இலிருந்து 345 மில்லிமீற்றராக்கினார்கள். பந்தய றயருக்கு மிக அணித்தான றயர் போட்டார்கள்; மழையில் அதன் பிடி குறைவு என்பதை அறிவோம் என்று வாங்குபவர்கள் கையொப்பமிட வேண்டியிருந்தது. காரைச் செய்தவர்களே பணத்தை எங்கே போட்டார்கள் என்பது இதிற் தெரிகின்றது. சைலன்சரை மாற்றி, கணினியிற் சில இலக்கங்களை மாற்றினால், ரேர்போ இல்லாத இந்த எஞ்சினிற் கிடைப்பது சொற்பமே.

எஞ்சினுக்குச் செய்ய வேண்டியவை வேறு. விதிக்கப்பட்ட 10டபிள்யூ-60 எண்ணெயைக் காலந்தவறாது மாற்ற வேண்டும். எஞ்சின் சூடேறு முன்னர் விரட்டக் கூடாது. கொன்றொட் பெயாரிங்குகள் இந்த எஞ்சினில் தேயும் பாகங்கள் என்றே கருதப்பட வேண்டும். கெட்டுப்போகு முன்னர் மாற்றினால் ஒரு செலவு, கெட்ட பின் மாற்றினால் எஞ்சினே செலவு. பின்னச்சுச் சட்டம் பொருந்தும் தரைத் தகட்டில் வெடிப்பு உண்டா என்றும் பார்ப்பித்துக்கொள்ள வேண்டும். அங்கே வெடிப்பிருக்க, குதிரைவலுவைக் கூட்டுவதைப் பற்றிப் பேசுவது வீண்.

கோடை விடுமுறையில் ஜேர்மனிக்குப் போகும் குடும்பங்கள் ஹம் நகரில் காமாட்சி அம்பாளைத் தரிசிப்பது வழக்கமாகிவிட்டது. பிள்ளைகளுக்கு அதே நாட்டில் இன்னொரு தலம் உண்டு: நூர்பேர்க்றிங். 20.8 கிலோமீற்றர் நீளமான அந்தப் பழைய ஓட்டப் பாதையில் கட்டணம் செலுத்தி எவரும் தம் காரை ஓட்டலாம். போகத்தான் வேண்டுமென்றால், மேலான மேம்பாடு என்பது அங்குதான் பொருளுடையதாகின்றது. புதிய உயர்தர பிறேக் எண்ணெய், அங்கே போய்ப் பூட்டித் திரும்பும்போது கழற்றிவிடும் கட்டைகள், இடையிடையே பிறேக்கை ஆறவிடும் பொறுமை. காப்புறுதிப் பத்திரத்தையும் வாசித்துவிட்டுப் போக வேண்டும். இந்நாட்டுக் காப்புறுதிகள் பல அப்பாதையை ஏற்பதில்லை.

காப்புறுதி என்றதும் இன்னொன்று. தேய்ந்த பாகத்துக்குப் பதிலாக அதே வகைப் பாகம் போட்டாற் கேள்வியில்லை. றிம், சைலன்சர், உயரம் குறைத்த ஸ்பிறிங், பெரிய பிறேக் தொகுதி என்று காரின் இயல்பை மாற்றியவை எவையும் நிறுவனத்துக்கு அறிவிக்கப்பட வேண்டும். காப்புறுதி எடுக்கும்போது கேட்ட கேள்விக்கு வேண்டுமென்றே பொய் சொன்னால், 2012 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிறுவனம் ஒப்பந்தத்தையே இல்லாததாக்கலாம். கவனக்குறைவென்றாலும் நட்டஈடு குறைக்கப்படலாம். “ஆர் பாக்கப் போகினம்?” என்பவர்கள், விபத்துக்குப் பின் மதிப்பீட்டாளர் வந்து பார்ப்பார் என்பதை மறக்கிறார்கள். தொலைபேசியிற் பத்து நிமிட வேலை.

மேற்சொன்ன வீட்டில் றிம்மை வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். புஷ், கோணம், நாலு றயர், கட்டை, தட்டு, எண்ணெய் என்று பணம் ஏறக்குறைய முடிந்தது. சைலன்சர் பழையதே, அது அயலவர்களுக்குக் கிடைத்த வெற்றி.

புதிய கட்டையும் தட்டும் பூட்டிய அன்றே வேலை முடிந்துவிடுவதில்லை. இரண்டும் ஒன்றையொன்று பழக வேண்டும். கட்டை செய்தவர் எழுதித் தரும் முறையை முதலிற் பார்க்க வேண்டும். பொதுவாக, வாகனம் குறைந்த நேரத்தில், அகலமான தெருவில், நடுத்தர வேகத்திலிருந்து மெல்ல வேகம் குறைத்து, முற்றாக நிறுத்தாமல் மீண்டும் ஓடி, இப்படிப் பத்துத் தடவையளவு செய்வார்கள். பின்னர் பிறேக்கைத் தொடாமற் சிறிது தூரம் ஓடி ஆறவிட வேண்டும். சூடான கட்டை நின்ற காரின் தட்டை ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தால் அவ்விடத்தில் படிவு ஒட்டி, பின்னர் மிதி துடிக்கத் தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை அதிகாலை இதற்கு உகந்தது. கண்ணாடியிற் பின்னால் எவரும் வரவில்லை என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சில்லு ஆணிகளை ஐம்பது மைல் ஓடிய பின் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.